பேனா மூடி வட்டங்கள்

ஆபீஸில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். நேரில் யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு யார் பிழைப்பது? ஆனால் அவளுக்குத் தெரியும். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் "பூதக்கண்ணாடி வருது" என்று யாரோ கிசுகிசுத்ததை ஒருநாள் தன் காதாலேயே கேட்டாள். சொன்னது யாராக இருக்கும் என்று மூன்று பேரைக் குறித்து வைத்தாள். அதில் ஒருவர் போன வருஷமே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பட்டியலிலிருந்து அவரை இன்னும் அடிக்கவில்லை.

சிலருக்குச் சந்தேகம் வியாதி. இவளுக்கு அதுதான் தொழில். மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்யும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் சோதனை மேஜையில் உட்கார்ந்தவள். ஒரு நாளைக்கு எண்ணூறு லென்ஸ் கண்முன்னால் போகும். நல்ல லென்ஸைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று நினைத்தால் வேலை போச்சு. எங்கேயோ ஒரு குமிழி இருக்கிறது, அது என்னை ஏமாற்றப் பார்க்கிறது என்று நினைத்துப் பார்த்தால்தான் குமிழி கண்ணில் படும். அப்படியே பழகிப் பழகி வீட்டுக்கும் அதே கண்ணோடு வந்தாள். புருஷன் புதுச் சட்டை போட்டால் எதற்கு என்று கேட்பாள். பழைய சட்டை போட்டால் புதுச் சட்டை எங்கே போச்சு என்று கேட்பாள். பாவம் மனுஷன், பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வருவதால் எதுவும் அவர் காதில் ஏறாது.

பட்டறையை மூடியபிறகு அவளுக்கு வானாராய்ச்சி நிலையத்தின் ஆவண அறையில் வேலை கிடைத்தது. தொலைநோக்கி இருப்பது நூறு மைலுக்கு அப்பால் ஒரு மலைமேல். இங்கே ஊருக்குள் இருப்பது அதன் பழைய படங்கள். படமென்றால் காகிதத்தில் இல்லை, கண்ணாடியில். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் வானத்தைக் கண்ணாடி பிளேட்டில்தான் படம் பிடித்தார்கள். ஜன்னல் கண்ணாடி மாதிரி சதுரம், ஒரு பக்கம் வழவழப்பு, இன்னொரு பக்கம் மருந்து பூசியது. அந்த மருந்துப் பக்கத்தில்தான் வானம் இருக்கிறது. எல்லாம் தலைகீழ்: வானம் வெளுப்பாக இருக்கும், நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளியாக இருக்கும்.

முப்பதாயிரம் பிளேட். எல்லாவற்றையும் துடைத்து, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும். துடைப்பது இவள் வேலை. அந்த அறைக்கு இரண்டே இரண்டு சட்டம். முதல் சட்டம், வழவழப்புப் பக்கத்தை மட்டும் துடைக்கலாம். மருந்துப் பக்கத்தில் மூச்சுக் காற்றுகூடப் படக்கூடாது. இரண்டாவது, பிளேட் இருக்கும் உறையில் எழுதிய எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் மேலே ஒரே ஒரு கோடு போட்டு, கீழே சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். எந்த வருஷத்தில் யார் என்ன தப்புப் பண்ணினார் என்பது உறையைப் பார்த்தாலே தெரியும். இந்த இரண்டாவது சட்டம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உலகமே இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம் ஸ்கேன் செய்ய ஒரு ஆள் தேவைப்பட்டது. வந்து சேர்ந்தது யார்? அவள் கொழுந்தன். புருஷனின் கூடப் பிறந்த தம்பி, நாற்பது வயசு, அதே வீட்டில் மேல் மாடியில் குடியிருப்பவன். சிபாரிசு பிடித்தது புருஷன்தான். அவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

"தம்பிக்குக் கை சுத்தம் போதாதுங்க."

"திருடுவான்னு சொல்றியா?"

"ஐயோ, அந்தக் கை சுத்தம் இல்ல. அழுக்கைச் சொல்றேன். பிஸ்கட் தின்னுட்டு அப்படியே கதவைத் தொடுவாரு."

கொழுந்தனிடம் வேறொரு பழக்கமும் இருந்தது. பேனா மூடியைக் கடிப்பான். கடித்து, ஈரத்தோடு எடுத்து, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி மேஜையில் நிறுத்தி வைப்பான். எடுத்தால் மேஜையில் ஒரு சின்ன ஈர வட்டம் இருக்கும். அவள் துணியை எடுத்துத் துடைப்பாள். அவன் "மன்னிச்சுக்கோங்க அண்ணி" என்பான். அடுத்த நிமிஷம் இன்னொரு வட்டம்.

ஒரு வருஷத் தற்காலிக வேலை அவனுக்கு. வருஷ முடிவில் அறையின் தலைவி டாக்டரம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் இல்லை, நட்சத்திரம் படித்த டாக்டர். பாதி நாள் மலைமேல் இருப்பார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் கொழுந்தன் வீட்டில் பிள்ளைகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

மூன்று மாசம் மிச்சமிருந்தபோதுதான் முதல் வட்டம் அவள் கண்ணில் பட்டது.

வேலை நடக்கும் விதம் இதுதான்: கொழுந்தன் அலமாரியிலிருந்து பிளேட்டை எடுப்பான், உறையைத் திறந்து எண்ணையும் தேதியையும் பேனாவால் பதிவேட்டில் எழுதுவான், பிளேட்டை இவள் மேஜையில் வைப்பான். இவள் துடைத்துக் கொடுத்ததும் ஸ்கேன் செய்வான். அன்றைக்கு வந்த பிளேட்டை அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் வைத்து லென்ஸால் பார்த்தாள். முக்கோணமாக நின்ற மூன்று கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். முழு வட்டம்கூட இல்லை, ஒரு பக்கம் அழுத்தமாகவும் இன்னொரு பக்கம் தேய்ந்தும் இருந்தது. ஈரமான பேனா மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. அதுவும் எங்கே? மருந்துப் பக்கத்தில்!

அவளுக்கு மூக்கு வேர்த்தது. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் திருடன் உஷாராகிவிடுவான் என்று பட்டறையிலேயே கற்றவள். பிளேட்டின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து வட்டத்தை வரைந்தாள், மூன்று புள்ளிகளையும் வரைந்தாள். லென்ஸில் குறை கண்டால் இடம் தவறாமல் குறித்துக் கொடுப்பது அவள் பழைய வழக்கம். பிறகு யாரும் மறுத்துப் பேச முடியாது. பேப்பரின் மூலையில் பிளேட் எண்ணை எழுதிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் வேறொரு அலமாரியிலிருந்து வந்த பிளேட்டில் இன்னொரு வட்டம். அதே மூன்று புள்ளிகளுக்கு நடுவில். பத்து நாள் கழித்து மூன்றாவது, அப்புறம் இன்னும் இரண்டு; எல்லாவற்றையும் வரைந்து வைத்தாள். "அடப்பாவி, வைக்கிற இடத்தைக்கூட மாத்த மாட்டேங்கறானே" என்று பல்லைக் கடித்தாள். எல்லா பிளேட்டையும் மேஜையில் ஒரே பக்கமாகத்தானே வைக்கிறான், கை ஒரே இடத்துக்குத்தானே போகும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். வட்டம் ஒன்று சின்னதாகவும் ஒன்று பெரிதாகவும் இருந்ததே? அவனிடம் நாலைந்து பேனா இருக்கும். சந்தேகப்படுகிறவருக்குக் காரணத்துக்கா பஞ்சம்!

அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் மூடியை எடுத்து டிரேசிங் பேப்பரில் வைத்துப் பார்த்தாள். இரண்டாவது வட்டத்துக்கு அச்சாகப் பொருந்தியது. அன்று சாயங்காலம் வீட்டுப் படியில் அவன் எதிரே வந்து, "அண்ணி, பால் வாங்கணுமா, கடைக்குத்தான் போறேன்" என்றான். இவள் அவன் சட்டைப் பையில் இருந்த பேனாவையே பார்த்தாள். "வேணாம் தம்பி. உங்க வேலையை நீங்க ஒழுங்காப் பார்த்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவனுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

பிறகு வந்தது அந்த பிளேட். அதே மூன்று புள்ளிகள். இந்த முறை நடுவில் வட்டம் இல்லை. தடியாக ஒரு கறுப்புச் சொட்டு. சுற்றியிருந்த எந்த நட்சத்திரமும் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பேனா கசிந்து மை சொட்டிவிட்டது! கையும் களவுமாக மாட்டினான்! அந்த நிமிஷத்தில் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

வழக்கம்போல டிரேசிங் பேப்பரில் வரைந்துகொண்டாள். ஆனால் ஆதாரம் வேண்டாமா? மை என்றால் ஈரத்தில் கரையும். கொழுந்தன் ஸ்கேனர் பக்கம் திரும்பி நின்றிருந்தான். அவள் குச்சியில் சுற்றிய பஞ்சை எடுத்தாள், தண்ணீரில் தொட்டாள், மருந்துப் பக்கத்தில், அந்தச் சொட்டின்மேல், ஒரே ஒரு தடவை தேய்த்தாள். நூறு பேருக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தவள்தான்.

சொட்டு வந்துவிட்டது. கரைந்து வரவில்லை. உரிந்து வந்தது. சொட்டு இருந்த இடத்தில் வெறும் கண்ணாடி, மருந்துப் பூச்சில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை. பஞ்சில் கறுப்பாக ஒரு துகள் ஒட்டியிருந்தது.

ஆனாலும் கை நிற்கவில்லை. பஞ்சை ஒரு சின்ன உறைக்குள் போட்டு, மேலே பிளேட் எண், தேதி, கொழுந்தனின் பேர், பக்கத்தில் 'பேனா மை' என்று எழுதினாள். அன்றைக்கே டாக்டரம்மாவுக்குப் புகார் எழுதினாள். மருந்துப் பக்கத்தில் பேனா மூடித் தடங்கள் இருக்கின்றன, ஒரு பிளேட்டில் மை சிந்திப் பூச்சே போய்விட்டது. தான் தேய்த்ததை எழுதவில்லை. மறந்துபோய் அல்ல.

டாக்டரம்மா மலையிலிருந்து வந்தார். ஓட்டை விழுந்த பிளேட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. மற்றவற்றை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டுக் கொழுந்தனைக் கூப்பிட்டார்.

"நான் இல்லைங்க மேடம். மூடியைக் கடிப்பேன், ஒத்துக்கறேன். பிளேட் மேல வைக்க எனக்குப் பைத்தியமா?"

"பிளேட்டைத் தொட்டது நீங்க ரெண்டு பேர்தான்," என்றார் டாக்டரம்மா.

கொழுந்தன் திரும்பி அண்ணியைப் பார்த்தான். இவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். விசாரணை முடிகிறவரை அவனை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இருபது நாளில் முடிவு சொல்வதாக ஏற்பாடு.

வீடு வீடாக இல்லை. மேல் மாடியில் எப்போதும் ரேடியோ பாடும், அது நின்றது. ஓரகத்தி துணி காயப்போட வரும்போது இவள் அங்கே நின்றால் வாளியோடு திரும்பிப் போனாள். புருஷன் மட்டும் ஒரு வார்த்தை கேட்டார்: "நீ கண்ணால பார்த்தியா, அவன் செஞ்சதை?"

"அடையாளம் இருக்குங்க."

"நான் கேட்டது அது இல்லை."

அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அப்படி எழுந்தது அதுதான் முதல் தடவை.

கொழுந்தன் இல்லாததால் பிளேட் எடுப்பதும் அவள் தலையில் விழுந்தது. கடைசி வரிசை அலமாரிக்கு வந்தாள். அதன் கதவில் ஒட்டிய முத்திரைச் சீட்டு பதினாறு வருஷப் பழசு, கிழியாமல் அப்படியே இருந்தது. தானே கிழித்தாள், தானே எடுத்தாள், தானே விளக்கு மேஜையில் வைத்தாள். மூன்று புள்ளிகள். நடுவில் வட்டம்.

இதுவரை பார்த்ததிலேயே பெரிய வட்டம். பேனா மூடி இல்லை, டானிக் பாட்டில் மூடி அளவு இருந்தது.

முதலில் யாரைச் சந்தேகப்படுவது என்று தெரியாமல் முழித்தாள். வாட்ச்மேனா? சாவி அவரிடம் இல்லை. தானேயா? கையை முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டறையில் தலைமைச் சோதனையாளர் அவளிடம் ஒன்று சொல்வார்: ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் ஆளைத் தேடாதே, வரிசையைப் பார். புது வட்டத்தையும் வரைந்துகொண்டு, பையிலிருந்த டிரேசிங் பேப்பர்களை வெளியே எடுத்தாள். வட்டங்கள் மொத்தம் ஆறு. தான் கண்டுபிடித்த வரிசையில் அடுக்கியிருந்தாள். சின்னதும் பெரியதும் கலந்து கிடந்தன. பதிவேட்டைப் பார்த்து, படம் பிடித்த வருஷ வரிசையில் மாற்றி அடுக்கினாள். மூன்று புள்ளிகளையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி விளக்கு மேஜையில் வைத்தாள்.

வட்டத்துக்குள் வட்டம். வருஷம் ஏற ஏற வட்டம் பெரிசாகிறது. ஒன்றுகூடத் தடம் மாறவில்லை. எல்லாவற்றுக்கும் நடுப்புள்ளி ஒன்றே. கொழுந்தன் பள்ளிக்கூடம் போன காலத்தில் தொடங்கியவை! எந்த மூடி பதினாலு வருஷமாக வளரும்? அவள் ஏழாவது பேப்பரை எடுத்தாள். ஓட்டை விழுந்த பிளேட்டிலிருந்து முன்பே வரைந்தது, அந்தச் சொட்டு. தேதி பார்த்தாள். முதல் வட்டத்துக்கு ஒரு வருஷம் முந்தியது. மேலே வைத்தாள். சொட்டு, வட்டங்களின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது.

அவளுக்கு வானியல் தெரியாது. ஆனால் மனுஷக் கை செய்கிற தப்பு எது, செய்யாதது எது என்று தெரியும்.

டாக்டரம்மா மறுநாள் காலையில் வந்தார். வந்தவரை உட்காரக்கூட விடாமல் பேப்பர்களைக் காட்டினாள். அவர் முதலில் சும்மா பார்த்தார், அப்புறம் குனிந்து பார்த்தார், பிறகு பைக்குள் தேடிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அக்கா! இது என்னன்னு தெரியுதா உங்களுக்கு?"

"பேனா மூடி இல்லைன்னு மட்டும் தெரியுது."

"நடுவுல ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு. வெடிச்ச வெளிச்சம் நாலு பக்கமும் போகும் இல்லையா? நம்மைப் பார்த்து வந்தது நேரா வந்துடுச்சு. பக்கவாட்டில போனது சுத்தியிருக்கற தூசில பட்டுத் தெறிச்சு, சுத்திக்கிட்டு லேட்டா வருது. முதல் வருஷம் கிட்ட இருக்கற தூசி தெரியும், அப்புறம் தள்ளி இருக்கறது, அப்புறம் இன்னும் தள்ளி. அதான் வட்டம் பெரிசாகுது."

"தூசியா?"

"தூசிதான் அக்கா. ஆனா நீங்க துடைக்கற தூசி இல்லை." அவர் சிரித்தார். "வெளிச்சம் முன்னாடி ஓடிடும். வெடிச்சுச் சிதறின சரக்கு மெதுவா பின்னாடி வரும். சுத்தியிருக்கற வாயுவை முட்டித் தள்ளும், அது சூடேறி மின்னும். அதெல்லாம் முடிய ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். ஒரு தூசியையும் சும்மா விடாது அது."

அவர் மறுபடி பேப்பர்களை வருஷ வாரியாகப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக நின்றது. "வெடிச்ச வருஷம் எது? அந்த பிளேட்தான் முக்கியம். நேரா வந்த வெளிச்சம் அதுல மட்டும்தான் இருக்கும். அந்த வருஷம் டெலஸ்கோப் பழுதாகி ஆறு மாசம் மூடிட்டாங்க, வேற பிளேட்டே கிடையாது." ஏழாவது பேப்பரின் மூலையில் இருந்த எண்ணைப் படித்தார். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஐயோ. மூடித் தடம் இல்லைன்னா அவர் மேல பாதிப் புகார் போச்சு. ஆனா இந்த பிளேட்டைப் பாழாக்கியிருக்காரே அந்த மனுஷர். இதை எப்படி அக்கா நான் மன்னிக்கறது?"

இப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? கொழுந்தன் பேருக்கு ஏற்கெனவே கறை பட்டாச்சு. இன்னொரு கறை தெரியவா போகிறது? ஒரு நிமிஷம் அவளும் அப்படித்தான் நினைத்தாள். தன்னைத் தானே சந்தேகப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு விளங்கியது. மேஜை இழுப்பறையைத் திறந்து சின்ன உறையை எடுத்து நீட்டினாள்.

"நட்சத்திரம் இதுக்குள்ள இருக்கு மேடம். மைன்னு நெனச்சு நான்தான் தேய்ச்சேன்."

டாக்டரம்மா உறைக்குள் பார்த்தார். பஞ்சு, கறுப்புத் துகள். மேலே எழுதியிருந்ததைப் படித்தார், சத்தமாகப் படிக்கவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இது மை இல்லை அக்கா, வெள்ளி," என்றார் கடைசியில். "மருந்துல இருக்கற வெள்ளி. நட்சத்திர வெளிச்சம் பட்டுக் கறுத்தது." பிறகு எழுந்து போன் செய்து கொழுந்தனை வரச் சொன்னார்.

அவன் அரைமணி நேரத்தில் வந்தான். முகச் சவரம்கூடச் செய்யவில்லை. டாக்டரம்மா நடந்ததைச் சொல்லி, நிரந்தர வேலைக்கான தாளில் அவன் கண்முன்னாலேயே கையெழுத்துப் போட்டார். இவளிடம், "துடைக்கற வேலை இனி உங்களுக்கு இல்லைக்கா. பஞ்சைக் கையில எடுக்கக் கூடாது. பார்க்கற வேலை மட்டும்" என்றார். மலைமேல் இருக்கும் தொலைநோக்கியை அந்த இடத்துக்குத் திருப்பச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். நேராக வந்த வெளிச்சம் போனது போனதுதான், ஆனால் சுற்றி வருகிற வெளிச்சம் இன்னும் வந்துகொண்டிருக்கும், அதையாவது பிடிக்கலாம். அவள் தலையை ஆட்டினாள். எதுவும் சரியாகக் காதில் விழவில்லை.

"இந்த உறை பிளேட்டோடதான் இருக்கணும்," என்று அவர் அதை மேஜையில் வைத்தார். "வழக்கம்போல."

வழக்கம் என்றால் தெரியுமே. அழிக்கக் கூடாது. ஒரே கோடு, கீழே சரியானது, கையெழுத்து. கொழுந்தன் குனிந்து உறையைப் பார்த்தான். அண்ணியின் கையெழுத்தில் தன் பேரையும் பக்கத்தில் இருந்த இரண்டு வார்த்தையையும் படித்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் பேனா தேடினாள்; அவசரத்தில் டப்பா கவிழ்ந்து எல்லாம் கீழே உருண்டன.

அவன் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். பல் தடம் பதிந்த அந்த மூடியைக் கவனமாகத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் நீட்டினான்.

"இந்தாங்க அண்ணி."

அவள் அவன் பேரையும் அந்த இரண்டு வார்த்தையையும் சேர்த்து ஒரே கோடு போட்டாள். கோட்டுக்கு அடியில் பேர் தெளிவாகவே தெரிந்தது. இன்னும் நூறு வருஷம் கழித்து இந்த உறையைத் திறக்கிறவருக்கும் தெரியும். கீழே 'ஈரப் பஞ்சால் தேய்த்தேன்' என்று எழுதித் தன் பேரை முழுசாகப் போட்டாள். மசி காயும்வரை மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.